சம்பந்திக்கு ஓரடி பின்னாடி

சித்த அந்தப் பைய அக்கட்ட நகத்துனீங்கன்னா இந்தக் கால நீட்டிக்குவேனுங்க. மடக்கவே முடியல. கோவிச்சுக்காதீங்க, கண்டக்டர்கிட்ட கெஞ்சித்தான் இந்த ஓரத்து சீட்டு வாங்குனேன். ஆங், இப்ப சரி. நீங்களும் திருப்பூருங்களா? தாராபுரமா. அப்ப அதுவரைக்கும் சேந்துதான் போறோம்.

என்ன, சட்டையப் பாக்கறீங்க? இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டிருந்தா யாருக்குந்தான் தோணும். உள்ள நம்பர் எழுதியிருக்குதுங்க. கையில, கெண்டைக்கால்ல எல்லாம். சோப்புப் போட்டுத் தேச்சாலும் போகாத மை. பஸ்ஸுல யாரு கண்ணுலயும் பட வேண்டாமுன்னு மச்சான் சொல்லிட்டாரு. எங்க அக்கா ஊட்டுக்காரர். உங்கள நான் இதுக்கு முன்னாடி பாத்ததுமில்ல, இனி பாக்கப் போறதுமில்ல. அதனால உங்ககிட்டச் சொன்னாத் தப்பில்ல. யாருகிட்டயாவது சொல்லலீன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும் போல இருக்குதுங்க.

நேத்து போட்டிங்க. தூத்துக்குடிக்குத் தெக்க, கடலோரத்துல. மூணும் சேந்த போட்டி. மொதல்ல கடல்ல ரெண்டு கிலோமீட்டர் நீந்தோணும். கரையேறுன கையோட தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். எறங்குன கையோட இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். நடுவுல சோறு கெடையாது, ஒக்கார எடம் கெடையாது. காலைல ஆறு மணிக்கு ஊதலடிச்சா மத்தியானம் ரெண்டரைக்குள்ள முடிச்சிரோணும். அதத் தாண்டுனா கேட்டச் சாத்திருவாங்க. இதுக்குப் பேரு பாதி தூரமாம். முழு தூரமுன்னு ஒண்ணு இருக்குதாம். அதப் பத்திப் பேச வேண்டாம்.

இதென்ன கிறுக்குத்தனம், காசக் குடுத்து இப்படிச் சாவாங்களான்னு கேக்கறீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். எங்க பக்கத்துல பெரிய முதலாளிங்க பூராவும் இப்ப இதுலதானுங்க எறங்கியிருக்காங்க. முந்தி ஒருத்தரப் பாத்து ஒருத்தர் காரு வாங்குனாங்க. இப்ப சைக்கிள் வாங்கறாங்க.

நான் முதலாளி இல்லீங்க. பேரு சென்னியப்பன். மச்சானோட பனியன் கம்பெனில லோடு ஏத்தி அனுப்பற பொறுப்பு என்றது. குடியிருக்கற ஊடும் கம்பெனிக்குப் பின்னால அவரு குடுத்த ஊடுதான். அவரு ஈஸ்வரமூர்த்தி, நல்ல மனுசன். என்னைய "மாப்ள"ன்னுதான் கூப்பிடுவாரு, ஒரு நாளும் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அந்த மரியாதையெல்லாம் கொறையில்ல.

வெவகாரம் எப்படி ஆரம்பிச்சுதுன்னா, அவங்களுக்கு ஒரே புள்ள. மிருதுளா. எனக்கு அக்கா மகள்னாலும் நான் தோள்ல போட்டு வளத்த புள்ள. காது குத்தறப்ப என்ற மடிலதான் ஒக்காந்திருந்தா. பெங்களூர்ல என்னமோ மேல்படிப்புக்கு எடம் கெடச்சிருக்குதுன்னு குதிச்சுக்கிட்டிருந்தா. அந்த நேரம் பாத்து பெருந்துறையில இருந்து ஒரு பெரிய எடம் வந்துது. எண்ணெய் மில்லு, மண்டபம், ரெண்டு பெட்ரோல் பங்கு. பையனோட அப்பா தங்கமுத்து. அவரு ஊட்டு நடுக்கூடத்துல சாமி படத்துக்குப் பக்கத்துலயே சைக்கிளக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கறாருங்க. நாங்க பேசப் போனப்ப ஒரு மணி நேரமும் அந்தச் சைக்கிளப் பத்தித்தான் பேசுனாரு. மச்சானால சும்மா இருக்க முடியுங்களா? "நானுங்கூட இந்த வருசம் மூணும் சேந்த போட்டிக்குப் பேரு குடுத்திருக்கறனுங்க"ன்னு எடுத்து உட்டுட்டாரு. அக்காவுக்குக் காப்பி பொறையேறிருச்சு. மச்சானுக்கு மாடிப்படி ஏறுனாவே மூச்சு வாங்கும்.

தங்கமுத்து எந்திரிச்சு வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. "அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க சம்பந்தி. ரெண்டு பேரும் ஒரே போட்டில எறங்குவோம். முடிச்ச கையோட அங்கயே, கடக்கரையிலயே, மெடலோட நின்னு உப்பு சக்கரை மாத்திக்கலாம்"ன்னாரு. உப்பு சக்கரைன்னா எங்க பக்கம் நிச்சயமுங்க. அது மாத்தியாச்சுன்னா பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி. அதுக்கப்பறம் எந்த ஊட்டுலயும் பேச்சு மாறாது. அவரு சம்சாரம் சகுனம் பாக்கற அம்மா. அந்தம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "ரெண்டு பேருல ஒருத்தரு பாதில நின்னாலும் தடங்கலுன்னு அர்த்தம். அப்பறம் இந்தப் பேச்ச எடுக்க வேண்டாம்."

கார்ல திரும்பி வந்தோம். பாதி வழி தாண்டுனதும் மச்சான் கண்ணாடில என்னையப் பாத்தாரு. "மாப்ள, நீ கெணத்துல நல்லா நீந்துவயல்ல?"ன்னாரு.

அவ்வளவுதானுங்க. என்னைய யாரும் சம்மதமான்னு கேக்கல. தாய்மாமன் சீருன்னு எங்கள்ல உண்டு. பட்டுப்பொடவை, மாலை, நகை நட்டு. நான் எங்க போயி அவங்க தரத்துக்குச் சீர் செய்யறது? "நீ ஒண்ணுஞ் செய்ய வேண்டாம் சென்னி, இதையச் செஞ்சு குடுத்துரு, இதுதான் உன்ற சீரு"ன்னு அக்கா கையப் புடிச்சுக்கிட்டா. தலைய ஆட்டிட்டேன்.

ஆறு மாசம் என்னைய லோடுக்கே விடலீங்க. விடியறதுக்குள்ள சைக்கிள், வெயில் ஏறுனா ஓட்டம், பொழுதோட நீச்சல். மச்சான் பைக்குல பின்னாலயே வருவாரு. நின்னா ஆரன் அடிப்பாரு. ஒரு தடவை அவினாசி ரோட்டுல நான் மயங்கி உளுந்துட்டேன். தண்ணி தெளிச்சு எழுப்பி, "மாப்ள, ஊட்டுக்குப் போற வழில பாதிதான் ஆச்சு"ன்னாரு. என்ற சம்சாரம் ராத்திரி காலுக்கு எண்ணெ தேச்சு உடறப்ப அழுவா. நான் அதட்டுவேன். மருமகளுக்காகத்தானே?

போட்டிக்கு முந்துன நாளு மச்சான் என்னைய ரூமுக்குள்ள கூப்பிட்டு கதவச் சாத்துனாரு. அவரு பேர்ல வாங்குன நம்பர், கணுக்கால்ல கட்டற பட்டை, எல்லாங் குடுத்தாரு. அந்தப் பட்டைக்குள்ள என்னமோ வில்லை இருக்குதுங்க, அதக் கட்டிக்கிட்டு கோட்டத் தாண்டுனா கம்ப்யூட்டர்ல ஈஸ்வரமூர்த்தின்னு உளும். தொப்பி, கருப்புக் கண்ணாடி, மூஞ்சி மூடறதுக்கு ஒரு துணி. அப்பறம் ரெண்டு விசயம் சொன்னாரு. "ஒண்ணு, தங்கமுத்து கண்ணுல நீ பட்டறக் கூடாது. ரெண்டாவது, அவர முந்திறக் கூடாது. நாம பொண்ணு ஊட்டுக்காரங்க. அவரு மொதல்ல, நீ ஓரடி பின்னாடி. ஆனா ரெண்டரைக்குள்ள முடிச்சிரோணும். புரியுதா மாப்ள?"

புரிஞ்சுதுங்க. தங்கமுத்து நம்பரக்கூட ஒரு சீட்டுல எழுதி நாலு தடவை ஒப்பிக்க வெச்சாரு.

அன்னைக்குப் பொழுதோட கடக்கரையில மிருது வந்து பக்கத்துல ஒக்காந்தா. அவளுக்கு எல்லாந் தெரியும், புத்திசாலிப் புள்ள. கொஞ்ச நேரம் மண்ணக் கிளறிக்கிட்டே இருந்தா. "மாமா, நாளைக்கு உங்களால முடியலீன்னா நின்னுருங்க"ன்னா. "முடியும் கண்ணு"ன்னேன். "முடிஞ்சாலும் நின்னுருங்க மாமா. எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. நீங்க முடிக்காம இருந்தாவே எனக்கு நல்லது"ன்னா. கண்ணு தளும்பிருச்சு அவளுக்கு. பாருங்க, நாளைக்குப் பெரிய எடத்துக்குப் போற புள்ள. மாமன் கால் வலிக்குமேன்னு அழுவுது. நான் தலையத் தடவிக் குடுத்தேன். "உனக்காக உசுரு போனாலும் பரவால்ல"ன்னேன். அதுக்கு அவ மூஞ்ச முழங்கால்ல பொதச்சுக்கிட்டா. அந்தப் பெங்களூர்ப் படிப்பப் பத்தி என்னமோ ஆரம்பிச்சா. எல்லாங் கல்யாணத்துக்கப்பறம் பாத்துக்கலாம், மாப்ள ஊட்டுக்காரங்களே சொல்லியிருக்காங்கல்லன்னு சமாதானஞ் சொன்னேன். பொண்ணுங்களுக்குக் கல்யாணம் கிட்ட வந்தா வாரதுதானுங்க இந்த வெசனம். எங்கக்காளும் இப்படித்தான் அழுதா.

கடல் இருக்குதே, அது கெணறு இல்லீங்க. கெணத்துல நாலு கை போட்டா சுவரு வரும், புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கலாம். கடல்ல எதப் புடிக்கறது? பக்கத்துல வாரவன் கால் மூக்குல உளுகுது. வாயத் தொறந்தா உப்பு. அந்தப் பட்டை வேற கணுக்காலக் கவ்விக்கிட்டே கெடக்குது. நடுக்கடல்ல ஒரு மிதவையப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு நெசமாவே அழுதுட்டேன். படகுல இருந்த தம்பி "அண்ணே, ஏறிக்கறீங்களா?"ன்னான். ஏறியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். வேண்டாமுன்னுட்டேன்.

கரையேறிப் பாத்தா எனக்கு முன்னால நடந்து போறாருங்க சம்பந்தி! பச்சைத் துணி, முதுகுல அந்த நம்பர். ஒடம்பு கொஞ்சம் எளைச்சாப்புல இருந்துது. பயிற்சின்னு நெனச்சுக்கிட்டேன். நான் அவரப் பாத்ததே ஒரு தடவைதான், அதுவும் சைக்கிளத்தான் அதிகம் பாத்தேன். சரி, இனி இவரு முதுகு ஒண்ணுதான் நம்ம குறின்னு சைக்கிள எடுத்தேன்.

என்ன சொல்றது போங்க. அந்த மனுசன் ஓட்டுன ஓட்டு இருக்குதே! ரெண்டு பக்கமும் உப்பளம், தார் ரோடு கொதிக்குது, எதிர்காத்து மூஞ்சில மண்ணள்ளி எறியுது. அந்த ஆளு மாட்டுவண்டி கணக்கா போறாரு. என்ற கால்ல தெம்பு இருக்குது. ஆறு மாசம் ஆரன் சத்தத்துல வளத்த காலுங்க அது, நாலு மிதி மிதிச்சா அவரத் தாண்டி எங்கயோ போயிருவேன். ஆனா மிதிக்கக் கூடாது. பின்னால வாரவங்கல்லாம் சல்லு சல்லுன்னு என்னையத் தாண்டிப் போறாங்க. அறுவது வயசு அம்மா ஒருத்தங்க "கமான் சார்"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? பிரேக்க அமுத்தி அமுத்தி வெரல் மரத்துப் போச்சு. போட்டில பிரேக்கப் புடிச்சுக்கிட்டே ஓட்டுன ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

இதுல இன்னொண்ணு. அவரு நிமிசத்துக்கொரு தடவை திரும்பித் திரும்பிப் பாக்கறாருங்க. திரும்பறப்பல்லாம் நான் மூஞ்ச உப்பளத்துப் பக்கம் திருப்பிக்குவேன். நான் திருப்புனா அவரு இன்னும் மெதுவாப் போவாரு. அவரு மெதுவாப் போனா நான் இன்னும் மெதுவாப் போவேன். ஒரு எடத்துல ரெண்டு பேரும் கிட்டத்தட்ட நின்னே போயிட்டோம். மேற்பார்வை பாக்கறவரு பைக்குல வந்து "ரெண்டு பேருக்கும் என்ன பிரச்சினை?"ன்னு கத்துனாரு.

சைக்கிள எறக்கி வெச்சு ஓட ஆரம்பிக்கறப்பவே நேரம் ரொம்ப ஆயிருச்சு. வெயிலு உச்சந்தலைல நிக்குது. சூ போடறப்ப பாத்தா குதிகால்ல கொப்புளம் பெருசா எந்திரிச்சிருக்குது. பச்சைத்துணி முன்னால நொண்டி நொண்டி ஓடுது. நான் பின்னால நொண்டி நொண்டி ஓடறேன். பத்துப் பன்னண்டு கிலோமீட்டர் இப்படியே.

தண்ணி குடுக்கற பந்தல் ஒண்ணுல கொடையப் புடிச்சுக்கிட்டு மிருது நிக்கறா. மத்தவங்கல்லாம் ரிசார்ட்டுல குளுகுளுன்னு இருக்காங்க, இவ மட்டும் அந்த வெயில்ல வந்து நிக்கறா பாருங்க. என்னையப் பாத்ததும் ஓடி வந்து கூடவே ஓடுனா. "மாமா, போதும் மாமா. ஒக்காந்துருங்க. இத்தனை பேரு நின்னுட்டாங்க, நீங்களும் நின்னா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. எங்கப்பாகிட்டப் பேச எனக்கு வாய் வரல மாமா. உங்களால மட்டுந்தான் இத நிறுத்த முடியும்"ன்னு சொல்லிச் சொல்லி அழுகறா. செருப்பு அத்துப் போயி வெறுங்கால்ல ஓடியாரா அந்தத் தார் ரோட்டுல. அப்பறம் என்ற முழங்கையப் புடிச்சு இழுத்தா.

அங்கதானுங்க எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. வெளியாளு தொட்டா தகுதி நீக்கமுன்னு சட்டம் இருக்குது. அத்தனை பாடும் வீணாப் போயிருமே! கையத் தட்டி உட்டுட்டேன். கொஞ்சம் வேகமாத் தட்டிட்டேன் போல, கொடை கீழ உளுந்துருச்சு. சட்டம் தெரியாத புள்ள, என்ன பண்றது. திரும்பிப் பாத்தேன். நடு ரோட்டுல அப்படியே நின்னுக்கிட்டிருந்தா. எம்மேல அவ்வளவு பாசமுங்க.

அந்த வேகத்துல கொஞ்சம் பலமா ஓடிட்டேன். வளைவுல திரும்பறேன், பச்சைத்துணி ரோட்டோரத்துல மைல் கல்லுல ஒக்காந்து தொடையப் புடிச்சுக்கிட்டு "ஐயோ ஐயோ"ங்குது. நரம்பு இழுத்துக்கிச்சு. நான் அப்படியே நின்னுட்டேன். முந்துனா மச்சான் சொன்னது போச்சு. நின்னா ரெண்டரை போச்சு. தூரத்துல, நின்னு போனவங்கள ஏத்திக்கிட்டு வார வேன் ஊர்ந்துக்கிட்டே வருது. மருந்துக்கு ஒரு ஆள் இல்ல அக்கம்பக்கத்துல. பாவம் மனுசனாச்சேன்னு துணிய மூஞ்சில இழுத்து உட்டுக்கிட்டு கிட்ட போனேன். அவரு என்ற மார்ல இருந்த நம்பரப் பாத்தாரு. சட்டுனு ரெண்டு கையாலயும் மூஞ்ச மூடிக்கிட்டாரு!

நான் எதுக்கு மூடறேன்னு எனக்குத் தெரியும். இவரு எதுக்குங்க மூடோணும்?

கைய வெலக்கிப் பாத்தா அது தங்கமுத்தே இல்லீங்க. வேற யாரோ. ஒடுங்குன மூஞ்சி, என்னைய மாதிரியே கறுத்துப் போயி. "யாருங்க நீங்க?"ன்னேன். "நாச்சிமுத்துங்க. பையனுக்குத் தாய்மாமன்"ன்னாரு. "நீங்க?" "நான் பொண்ணுக்குத் தாய்மாமனுங்க."

சிரிக்கறதா அழுகறதா ஒண்ணும் புரியல. தங்கமுத்துவுக்கு நெஞ்சுல கம்பி வெச்சு ரெண்டு வருசமாச்சாம். அந்தச் சைக்கிள் சும்மா கண்ணாடிக்குள்ள நிக்கறதுதானாம். "ஏனுங்க அப்படி உருட்டிக்கிட்டே போனீங்க?"ன்னு கேட்டேன். "தங்கமுத்து மாமா சொன்னாருங்க. நாம மாப்ள ஊடு, முன்னாடிதான் போகோணும். ஆனா ரொம்ப முன்னாடி போயிட்டா சம்பந்தி மனசு சங்கடப்படும். சேந்தாப்புல முடிக்கோணும்னாரு. உங்க நம்பர் பின்னால வருதா வருதான்னு பாத்துப் பாத்துக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. நீங்க ஏனுங்க அவ்வளவு மெதுவா வந்தீங்க?"

அவரு எனக்காக மெதுவா, நான் அவருக்காக மெதுவா. ரெண்டு பேருமே மதியச் சோத்துக்குப் போயிருக்க வேண்டிய ஆளுங்க.

அவரு அந்தக் கல்ல உட்டு எந்திரிக்கல. "ஏனுங்க, இப்படியே ஒக்காந்துக்கலாமா?"ன்னாரு. "அந்த வேன் வந்தா ஏத்திக்கும். ஏசி வண்டி. நெசமுந் தெரிஞ்சு போகட்டும். அவங்க அவங்க பேச்சுக்கு அவங்க அவங்களே பதில் சொல்லட்டுமுங்க. நாம ஏன் சாகோணும்?" அதச் சொல்றப்ப மனுசன் அழுதுட்டாரு. வேன் நல்லாவே தெரியற தூரத்துல வந்துருச்சு. டிரைவர் எங்களப் பாத்து லைட்டுப் போட்டான்.

ஒக்காந்திருக்கலாமுங்க. இப்ப இந்தக் காலப் பாக்கறப்ப தோணுது. ஆனா அந்த நேரத்துல எனக்கு வந்துது பாருங்க ஒரு வெறி! அந்தப் புள்ள வெறுங்கால்ல ஓடியாந்துது கண்ணுல நின்னுது. அது மொகத்துக்காகவாவது முடிக்கோணுமுன்னு நெனச்சேன். "எந்திரிங்க! தாய்மாமன்னா சும்மாவா? நாம ஒக்காந்தா ரெண்டு ஊட்டு நல்ல காரியமும் நின்னுருமல்ல?"ன்னு அதட்டி, தொடையத் தேச்சு உட்டு, அக்குள்ல கையக் குடுத்துத் தூக்கி நிறுத்திட்டேன். தொடக்கூடாதுங்கற சட்டம் அப்ப மட்டும் ஞாபகத்துக்கு வரல. அவரு "உடுங்க, உடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. நான் உடல. ஒரு கிலோமீட்டருக்கு மேல இழுத்துக்கிட்டே போனேனுங்க.

கோடு தெரியறப்ப கேட்டுப் பக்கத்துல ஆளுங்க நின்னுட்டாங்க, சாத்தறதுக்கு. நான் அவர முதுகுல கைய வெச்சு முன்னால தள்ளி உட்டேன். மாப்ள ஊடு மொதல்ல. ஓரடி தள்ளி நானு. மைக்குல "தங்கமுத்து! ஈஸ்வரமூர்த்தி!"ன்னு கத்தறாங்க. சனம் பூராவும் கை தட்டுது. ஒரு புள்ள வந்து கழுத்துல மெடலப் போட்டு "வாழ்த்துகள் ஈஸ்வரமூர்த்தி சார்"ன்னுச்சு. நான் "நன்றிங்க"ன்னேன். அந்த ரெண்டு நிமிசம் அது என்ற கழுத்துல கெடந்துது. நல்ல கனம்.

பந்தலுக்குப் பின்னால மச்சான் தயாரா நிக்கறாரு. அதே மாதிரி துணி போட்டு, தலைல ஒரு பாட்டில் தண்ணிய ஊத்திக்கிட்டு, கால்ல மண்ணப் பூசிக்கிட்டு. மெடலக் கழட்டிக்கிட்டாரு. கணுக்கால்ல இருந்த பட்டையக் குனிஞ்சு அவரே அவுத்தாரு. தோல் வழண்டு போயிருந்துது. "சூப்பர் மாப்ள"ன்னாரு. நொண்டிக்கிட்டே வெளிய போனாரு, அந்தப் பக்கமிருந்து தங்கமுத்து நொண்டிக்கிட்டே வந்தாரு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுதாங்க. நெசமாவே அழுதாங்க. பொறவு மச்சான் எங்காதுல வந்து சொல்றாரு: "பாரு மாப்ள, அவருக்கு எம்பட வயசுதான். எப்படி முடிச்சிருக்காரு பாரு. அவரு காலுத் தூசிக்கு நாம ஆவமா?"

நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. சொல்லுவனா? பந்தல் கால்ல சாஞ்சுக்கிட்டு நாச்சிமுத்து என்னையப் பாத்தாரு. நானும் பாத்தேன். அவரும் வாயத் தொறக்கல.

பொழுதோட உப்பு சக்கரை மாத்துனாங்க. ரெண்டு பேரும் வேட்டி சட்டைக்கு மேல மெடலப் போட்டுக்கிட்டு நின்னாங்க. அந்தச் சகுனம் பாக்கற அம்மா "ஒரு தடங்கலும் இல்லாம முடிஞ்சுது, தெய்வ சங்கல்பம்"ன்னு மிருது வாயில சக்கரையப் போட்டாங்க. தேதியும் குறிச்சாச்சு. மச்சான் மைக்கப் புடிச்சு எல்லாத்துக்கும் நன்றி சொன்னாரு. சமையக்காரருக்குச் சொன்னாரு, சைக்கிள் மெக்கானிக்குக்குச் சொன்னாரு. அடுத்த வருசம் ரெண்டு சம்பந்தியும் முழு தூரம் போறதா வேற சொல்லிட்டாரு. என்ற பேரு வரல. வரவும் முடியாதுன்னு வெச்சுக்கோங்க. சைக்கிள கார் மேல கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்குத்தான் கார்ல எடமில்ல, சேந்து போனா யாராவது சந்தேகப்படுவாங்களாம். அதான் பஸ்ஸு.

ஆனா ஒரு ஆளு மறக்கலீங்க. பெரியவங்க கால்ல உளுந்து கும்பிடறப்ப மொதல்ல தாய்மாமன்னு என்னையக் கூப்பிட்டு நிறுத்துனாங்க. மிருது வந்தா. பட்டுப்பொடவை, தலை நெறையப் பூ. என்னைய நிமுந்து பாக்கல. குனிஞ்சு உளுந்தவ என்ற ரெண்டு காலையும் புடிச்சுக்கிட்டா. புடிச்சவ எந்திரிக்கவே இல்லீங்க. கொப்புளத்து மேல அவ கை அழுந்துது, எனக்கு உசுரு போகுது. ஆனா எடு கண்ணுன்னு சொல்ல மனசு வருங்களா? ஒடம்பு குலுங்கக் குலுங்க அழுகறா. "எந்திரி சாமி"ன்னு அக்கா சொல்லிப் பாத்தா, கையப் பிரிச்சுப் பாத்தா, முடியல. கடைசில நாலு பொம்பளைங்க சேந்து தூக்கித்தான் கூட்டிட்டுப் போனாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல புள்ள. அத்தனை பேருல நான் பட்ட பாட்டுக்கு நன்றி காட்டுனது அவ ஒருத்திதானுங்க. சந்தோசத்துல பேச்சே வரல அவளுக்கு.

ஏனுங்க, நீங்க எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?